இடது பெருவிரல் மட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை வைத்தியச் சீட்டுத் திட்டத்தின் ஆபீஸர் மறுபடி எங்கள் ஊருக்கு வந்தார். கையில் புது ஃபாரங்கள், புது ஸ்டாம்ப் பேட். முகத்தில் அதே பழைய சிரிப்பு.

"போன வருஷம் பண்ணின மாதிரியே நீட்டா பண்ணிடுங்க தம்பி. உங்க ஊர் ஃபாரம் ஒண்ணுகூட திரும்பி வரலை, தெரியுமா?"

தெரியும். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

போன வருடம் இதே பக்கத்தில் அந்தத் திட்டத்தை வானளாவப் புகழ்ந்திருந்தேனே... ஞாபகமிருக்கிறதா? மறந்திருந்தால் உங்களுக்குப் புண்ணியம். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு சீட்டுப் புத்தகம். உடம்புக்கு முடியவில்லையா? டவுனில் இருக்கும் தனியார் நர்சிங் ஹோமில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போதும். வைத்தியம் இலவசம். 'வசதியானவர் உட்காரும் பெஞ்சில் இனி ஏழையும் உட்காரலாம்' என்று எழுதினேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

அப்போது எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் ஊர் ஃபாரங்கள் அத்தனையையும் பூர்த்தி செய்தவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஃபாரம் என்றால் எனக்கு ஒரு பக்தி!

எல்லம்மா அத்தையைச் சொல்ல வேண்டும். சொந்த அத்தை இல்லை, ஊருக்கே அத்தை. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். வலை கிடையாது, படகு கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போவார். ஓலைக்கூடையைப் பல்லில் கடித்திருப்பார். இறால் தட்டுப்பட்டதும் பெருவிரலால் அமுக்கி, நழுவுவதற்குள் கூடையில் போட வேண்டும். பெருவிரல்தான் அவருக்கு வலை.

ஃபாரம் எழுதிய நாளில் கைநாட்டு வைக்க அவர் வலது கையை நீட்டினார்.

"இடது அத்தை, இடது! ஃபாரத்துல இன்னா போட்டிருக்கு?" என்று கத்தினேன்.

"ஏன் நைனா, வலது கை இன்னா பாவம் பண்ணுச்சு?"

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சேற்றிலேயே தேய்ந்த விரல். ரேகை விழவே இல்லை. மூன்று தடவை துடைத்து, அழுத்தி, ஒருவழியாக எடுத்தேன். மேலே சிவப்பு மையில் எழுதினேன்: 'இடது பெருவிரல் மட்டும்.' அடிக்கோடு வேறு!

இரண்டு மாதத்துக்கு முன் அந்த விரலில்தான் கெளுத்தி முள் குத்தியது. மஞ்சள் வைத்தார், சுண்ணாம்பு வைத்தார். நான்காம் நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவரை டவுனுக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். பெருமையாகத்தான் போனேன்.

கவுன்ட்டர்காரர் ஸ்டாம்ப் பேடை நகர்த்தினார். "எங்க முன்னாடி கைநாட்டு வைக்கணும். புத்தகத்துல இருக்கிற ரேகையோட ஒத்துப்போகணும்."

அத்தை என்னைப் பார்த்தார். "இந்த வெரலுக்குத்தானே நைனா வைத்தியம் பாக்க வந்தோம்? இதையே அமுக்கச் சொல்றாரே!"

"வலது கை வைக்கட்டுமே சார்" என்றேன்.

அவர் சீட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் எழுதிய ஃபாரத்தையே அங்கே ஒட்டியிருந்தார்கள். சிவப்பு மை. அடிக்கோடு. "பூர்த்தி செய்தவர்னு இருக்கே... இது உங்க கையெழுத்துதானே? படிச்சவர் நீங்களே இப்படிக் கேட்டா எப்படி சார்?"

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு விரலை அழுத்தினார். அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சீட்டில் விழுந்தது ரேகை இல்லை. மையும் சீழுமாக ஒரு திட்டு.

"இது ஒத்துப்போகலை. வீக்கம் வடிஞ்சதும் வாங்கம்மா."

"வீக்கம் வடிஞ்சா நான் இன்னாத்துக்குய்யா இங்க வரேன்?"

அதே பெஞ்சில் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் இருந்தார். அவருடைய விரலை யாராவது கேட்டார்களா? ஏழை ஏமாற்றிவிடுவான் என்று பயந்து பயந்து வைத்த கைநாட்டுக் கட்டம் அது. வசதியானவருக்கு அந்தக் கட்டமே கிடையாது.

அப்புறம் நான் என்ன செய்தேன்? படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தேன். மனு எழுதினேன்! அத்தையை வீட்டில் விட்டுவிட்டு, விசேஷ அனுமதி கேட்டு, திட்டத்தின் ஆபீசுக்கு, நல்ல தமிழில், இரண்டு பக்கம். பதில் வரும், வரும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் பதில் வரவில்லை. அத்தைக்கு ஜுரம் வந்தது, பேச்சு குழறியது.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் திட்டக்கூட இல்லை. "முன்னாடியே வந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். முன்னாடியே வந்தோம் டாக்டர்... வேறு வாசலுக்கு. விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புது ஃபாரத்திலும் அதே கட்டம். அத்தை வரிசையில் நின்றிருந்தார். ஆபீஸரிடம் கேட்டேன்:

"இடது பெருவிரலே இல்லாதவங்க என்ன சார் பண்றது?"

"வலது கை வைக்கலாமே! அதுக்கு ரூல்ல இடம் இருக்கு தம்பி."

"வீங்கியிருந்தா?"

"வீக்கத்துக்கெல்லாம் இல்லை."

ஃபாரத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா? கிழிக்க நான் யார்? அத்தைக்கு இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது. ஜுரமும் வயிற்றுவலியும் இனிமேலும் வரும்.

அவர் முறை வந்தது. வலது கையை நீட்டினார்.

"இப்ப மட்டும் இது இன்னா புண்ணியம் பண்ணுச்சாம் நைனா?"

இந்தத் தடவை வரிசை சிரிக்கவில்லை. விரலைப் பிடித்து அழுத்தினேன். முதல் அழுத்தத்திலேயே ரேகை கோடு கோடாக, அவ்வளவு துல்லியமாக விழுந்தது.

இரண்டு மாதமாக ஏரிச்சேறு படாத விரல் அல்லவா!