செருப்புக் கால்

சித்திரை பிறந்தால் காரைக்குடியில் பாதிப் பேருக்கு மலைப் பைத்தியம் பிடித்துவிடும். என் மகனுக்கும்தான். சனி, ஞாயிறு கொடைக்கானலில் தங்க ரூம் தேடிக்கொண்டிருந்தவன், செல்போனில் ஒரு படகுப் படத்தைக் காட்டினான். "ஏரியப் பாத்த ரூம்ப்பா. தண்ணியப் பாத்துக்கிட்டே காப்பி குடிக்கலாம்."

அதே ஏரிக்கரையில் சின்ன வயதில் ஒருமுறை பெரியப்பாவோடு நின்றிருக்கிறேன். தைல மர வாசனையும் வந்த வேனுக்குள் ஊசிப்போன புளியோதரையும் சேர்ந்து குமட்டியது. ஊரே குடிக்கத் தண்ணீர் எடுக்கும் எங்கள் ஊருணியில் யாராவது கால் நனைத்தாலே பிரம்பைத் தூக்குகிறவர் பெரியப்பா. படகில் போனவர்களைப் பார்த்துக் கத்தினார்: "குடிக்கிற தண்ணியில செருப்புக் காலோட போறீகளே, வெக்கமா இல்ல? எறங்குங்க இங்குட்டு!"

கரையே சிரித்தது. "இது ஊருணி இல்ல பெரியப்பா, ஏரி" என்றான் அண்ணன்.

"எதுவா இருந்தா என்னடா, தண்ணிதானே?" என்றவர், காறித் துப்புவதற்குக்கூட கரையை விட்டு ரோட்டுக்குப் போனார்.

"நம்மூர்ல இப்படித் தண்ணியப் பாக்க முடியுமாப்பா?" என்றான் மகன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுந்துபோய்ப் பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். நாற்றம் உள்ளே வந்தது. அவன் கட்டிய புதுப் பாத்ரூமின் கழிவுக் குழாய் ஊருணிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது.

"இந்த ரூமுக்கு வாடகை கெடையாது. காப்பிய இங்குட்டு வந்து குடிடா" என்றேன்.