ஏசி போட்டால் எரியும் விளக்குகள்

நாங்கள் வாங்கும்போதே அந்தக் கார் பழையதுதான். மதுரையில் ஒருவர் எட்டு வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. காலையில் அதை நான் விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு எடுத்துப்போவேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சின்ன அச்சகம் அங்கே எனக்கு இருக்கிறது. சாயங்காலம் திரும்பியதும் சாவி என் மனைவி கைக்குப் போய்விடும்.

அவள் நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகினாள். அவளுடைய அக்காவுக்காகத்தான் பழகினாள். மல்லாங்கிணற்றில் தனியாக இருக்கும் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் விருதுநகருக்குக் கூட்டிவந்து கைக்கு பிசியோதெரபி பயிற்சி கொடுக்கவேண்டும். அவரால் பஸ் படியில் ஏற முடியாது. “நான் ஓட்டிக்கிறேன், நீங்க அலைய வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, ஒரே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவள் சுத்தமாக ஓட்டுவாள். இதை அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

ஒரு மாசி மாதச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், “டேஷ்போர்டுல மஞ்சளா ரெண்டு விளக்கு எரியுது. பிரேக்கைப் பாருன்னு எழுத்து வேற ஓடுது” என்றாள். நான் போய் வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். எதுவும் எரியவில்லை. மறுநாள் சிவகாசி போய் வந்தேன், அப்போதும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவள் எடுத்துப்போனபோது மறுபடியும் வந்தது.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, சக்கரத்தில் சென்சார் போய்விட்டது என்றார்கள். மாற்றினோம். பத்தே நாளில் திரும்ப எரிந்தது, கூடவே ஸ்டியரிங் படம் போட்ட விளக்கும். இன்னொரு பாகத்தை மாற்றினார்கள். அதற்கும் நிற்கவில்லை. மூன்றாம் முறை போனபோது அந்த மெக்கானிக் சிரித்துக்கொண்டே, “நீங்க ஓட்டும்போது வரலை, அவுக ஓட்டும்போதுதான் வருதுன்னா, ஓட்டுற விதத்துல ஏதோ இருக்குண்ணாச்சி” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதற்குமேல் யோசிக்கத் தேவையில்லாத பதில் அது.

அன்றிரவு சாப்பிடும்போது, “பிரேக்கைப் போட்டு மிதிக்காதே. ஸ்டியரிங்கை நின்ன இடத்துல ஒடிக்காதே” என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கென்னமோ ஏசி போட்டாத்தான் வர்ற மாதிரி இருக்கு. லைட்டும் போட்டுட்டா கட்டாயம் வருது. ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி இறுகுதுங்க” என்றாள்.

“ஏசிக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? மூணு தடவை பார்த்தவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுருச்சோ?” என்று சிரித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நான் ஏசி போடுவதே இல்லை. டீசல் மிச்சம் என்று கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அவளால் அப்படி முடியாது. எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக மிளகாய் கமிஷன் கடைகள் இருக்கும் தெருவைத் தாண்டவேண்டும். அந்த நெடி பட்டால் அவளுக்கு இருமல் நிற்காது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொள்வாள். திரும்பி வரும்போது இருட்டிவிடும் என்பதால் லைட்டும் எரியும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

சித்திரையில் ஒருநாள் அச்சகத்திலிருந்து திரும்பி, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. அந்தத் தெருவின் திருப்பத்தில் ஸ்டியரிங் திரும்பாமல், மூட்டை ஏற்றி நின்ற தள்ளுவண்டியில் மோதிவிட்டாள். பைக்கில் போய்ச் சேர்ந்தேன். யாருக்கும் அடியில்லை. ஒரு மூட்டை கிழிந்து ரோட்டில் மிளகாய் கொட்டிக் கிடந்தது. லோடுமேன்கள் சுற்றி நின்றார்கள். அவள் இருமிக்கொண்டே மிளகாயை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஸ்டியரிங் பிடிச்சுக்கிருச்சுங்க, நான் திருப்பினேன், திரும்பலை” என்றாள்.

“உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவள் சாவியை என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனாள். அதற்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை.

அக்காவை அழைத்துவர ஆட்டோ பேசினோம். கொஞ்ச நாள் வந்தது. பிறகு ஆட்டோக்காரர் வராத நாள்கள் கூடின. நான் கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் தீபாவளி சீசன் தொடங்கி ஆர்டர்கள் குவிந்ததும் என்னாலும் போக முடியவில்லை. மூன்று நாள் ஒரு நாளானது, அதுவும் நின்றது. மனைவி மட்டும் பஸ்ஸில் மல்லாங்கிணறு போய், தனக்குத் தெரிந்த வரையில் அக்காவின் கையை நீவிவிட்டு வந்தாள்.

ஆவணியில் ஒருநாள், விஸ்வநத்தத்தில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் மாதிரிகளைக் கொண்டுபோனேன். வெளியூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் கூட இருந்தார். அவருக்கு வேர்க்கக் கூடாதே என்று ஏசியைப் போட்டேன். மழை இருட்டு, லைட்டையும் போட்டேன். ஒரு திருப்பத்தில் டேஷ்போர்டு முழுக்க மஞ்சள் விளக்குகள் எரிந்தன. ஸ்டியரிங் என் கையில் கல்லாக இறுகியது. எப்படியோ ஒடித்து ஓரமாக நிறுத்தினேன். அவளுடைய குரல் அப்படியே காதில் கேட்டது.

அங்கே லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஒருவரைச் சொன்னார்கள். அவர் கருவி எதையும் செருகவில்லை. “எப்பெப்ப எரியுது, சொல்லுங்க” என்றுதான் கேட்டார். சொன்னேன். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியிலும் இன்னொன்றை வண்டி பாடியிலும் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே ஏசியைப் போடச் சொன்னார். பிறகு கீழே குனிந்து ஒரு போல்ட்டைக் காட்டினார். அதைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

“எர்த் ஒயருங்க. கரண்டு திரும்பி வர்ற வழியே இதான். சும்மா ஓட்டுனா சமாளிச்சுரும். ஏசி, லைட்டு, ஃபேன் எல்லாம் சேந்து இழுத்தா மத்ததுக்குக் கரண்டு பத்தாது. வண்டிக்கு அதைச் சொல்லத் தெரியாது. பிரேக்குங்கும், ஸ்டியரிங்குங்கும். நீங்களும் அதையே மாத்திக்கிட்டு இருந்திருக்கீக.”

சுரண்டிப் புது ஒயர் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, “ஏசி போட்டாத்தான் வருதுன்னு இம்புட்டு நாளா யாரும் கவனிக்கலையா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

வீட்டிலும் முழுதாகச் சொல்லவில்லை. “வண்டி சரியாயிருச்சு, ஏதோ ஒயராம். இனி நீ எடுக்கலாம்” என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “சரிங்க” என்றாள். எடுக்கவில்லை.

தீபாவளி முடிந்து வேலை குறைந்ததும் அவளையும் அக்காவையும் நானே பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் அக்காவின் விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நடுவுல விட்டிருக்கக் கூடாது. விரல் இறுகிப்போச்சு, இனி முழுசா விரியாதும்மா” என்றார். அக்கா யாரையும் பார்க்காமல் முந்தானையால் அந்தக் கையை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். எர்த் ஒயரை, ஒயரிங் பார்த்தவர் கேட்ட கேள்வியை, நான் சொன்ன பொய்யை. “நீ சொன்னதுதான் சரி. அன்னைக்கு ரோட்டுல உன்னைப் பேசினது தப்பு” என்றேன்.

“எனக்குத் தெரியும்ங்க. என் கைதானே திருப்புச்சு” என்றாள்.

“அப்ப திரும்ப ஓட்டு.”

“வண்டி சரியில்லைன்னு சொல்லியா நான் விட்டேன்?”

பின்சீட்டில் இருந்த அக்கா, “போவோமாய்யா, இருட்டப்போகுது” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் வற்புறுத்தியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். தெருமுனை வரை போனாள். அங்கே எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றாள். “முடியலைங்க, நீங்களே எடுத்துக்கோங்க” என்றாள். அதன்பிறகு நான் கேட்கவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் அவளை மல்லாங்கிணற்றுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன்.