ஏணி போடாத மூன்று வருஷம்

வங்கியில் அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. கூப்பிடுவது என்னவோ ஏணி சார் என்றுதான். கம்பெனிகள் எந்தச் சரக்கைக் காட்டிக் கடன் வாங்கினவோ, அது கிடங்கில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவந்து எழுதுவது அவர் வேலை. மற்றவர்கள் கிடங்கு வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர் ஏணி கேட்பார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அடுக்கின் உச்சிவரை ஏறி எட்டிப் பார்ப்பார். அறிக்கைப் படிவத்தில் ‘மேலேறிப் பார்க்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி அதைச் சேர்க்க வைத்தவரும் இவர்தான்.

ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அந்த வருஷம் பெரிய நூற்பாலைக்குப் போனபோது முதலாளியே எழுந்து வந்து நாற்காலி போட்டார்.

“உங்க கண்ணுக்குத் தப்புமா சார்? ஏணியெல்லாம் எதுக்கு?”

சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீளத்தில் எத்தனை பஞ்சுப் பொதி, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று வெளியிலிருந்தே எண்ணிப் பெருக்கினார். கட்டத்தில் டிக் அடித்தார். கால் வலி என்று வாய்விட்டுச் சொன்னால் பட்டப்பெயர் போய்விடுமே என்ற பயம் வேறு. அடுத்த வருஷமும் அப்படியே, அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பைசா லஞ்சம் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது எதற்காகக் கெட்டோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். ஒரு நாற்காலிக்கும் ஒரு புகழ்ச்சிக்குமா விலைபோனோம் என்று நினைக்கும்போதுதான் அவமானம் பிடுங்கித் தின்றது.

அந்த அறிக்கைகளை நம்பி வங்கி மேலும் மேலும் கடன் கொடுத்திருந்தது. ஆலை தவணை கட்டுவதை நிறுத்தியதும் வங்கிக்காரர்கள் பொதிகளை விற்கப் போனார்கள். ஆலைக்காரர்கள் நாலு பக்கமும் பொதியால் சுவர் எழுப்பியிருந்தார்கள். நடுவில் வெறும் தரை. பத்துப் படி ஏறியிருந்தால் தெரிந்திருக்கும். சின்ன வங்கி, கொடுத்த கடனில் பாதி அந்த ஒரே ஆலையிடம். சேதி பரவிய மறுநாள் காலை வாசலில் வரிசை நின்றது. ஒரு ஆள் வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கதவில் ஒட்டினார்கள்.

மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“நீங்க ஏறிப் பாத்தப்ப சரக்கு முழுசா இருந்துச்சு, அப்புறம்தான் நகத்திட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க சார். நீங்க சொன்னா விசாரணைல யாரும் மறுபேச்சு பேசமாட்டாங்க. ரிட்டயர் ஆக ஏழு மாசம்தானே இருக்கு.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வரிசையில் அவருடைய அக்கா நின்றிருந்தாள். தையல் தைத்து வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் முழுவதையும் தம்பி பேச்சைக் கேட்டு இங்கேதான் போட்டிருந்தாள். அவள் இவரைக் கவனிக்கவில்லை. முன்னால் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதம்மா. என் தம்பி இங்கதான் இருக்கான். ஏணி போட்டு ஏறிப் பாக்காம அவன் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டான்.”

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. காதில் விழாத மாதிரி உள்ளே போய்விடலாம் என்று ஒரு அடி எடுத்தும் வைத்தார், மறைப்பானேன்.

“நான் ஏறலக்கா,” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். “மூணு வருஷமா ஏறல. முட்டி வலி. ஏறினேன்னு எழுதிட்டேன்.”

அக்கா நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாளை எடுத்து, வங்கிச் சுவரிலேயே வைத்து, ‘நான் ஏறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வந்து ஏறிப் பாத்திருப்பேனேடா.”