கிருஷ்ணராஜின் இடுப்பளவு

வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள மூன்று மாடி உடுப்புக்கடை ஒன்றில், கிருஷ்ணராஜ் இருபத்திரண்டு வருடங்களாகப் பெரிய அளவுப் பகுதியில் நின்றார். நாற்பத்திரண்டு அங்குல இடுப்பிலிருந்து ஐம்பத்து நான்கு வரைக்கும் அங்கே காற்சட்டை கிடைக்கும். அந்தப் பகுதியை முதலில் மூன்றாம் மாடியில்தான் வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக ஒருவரும் ஏறி வரவில்லை. கீழ்மாடிக்குக் கொண்டுவரலாம் என்று சொன்னவர் கிருஷ்ணராஜ். அவராலும் ஏற முடியவில்லை.

அவர் மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்தவர். மருதானையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் ஆறு வருடம் வேலை செய்தார். உடம்பு அங்கேதான் வைத்தது. பிறகு உடுப்புக்கடையில் சேர்ந்தார். பெரிய அளவுப் பகுதி தொடங்கியபோது, அந்நாளைய முதலாளி வேலையாட்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, அவரைக் கைகாட்டினார். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

வேலையில் அவர் கெட்டிக்காரர். யாருடைய இடுப்பிலும் ஆட்கள் பார்க்க அளவுநாடா பிடிக்கமாட்டார். வருகிறவரைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பார். சரியான அளவை எடுத்து, நம்பர் எழுதிய லேபலை உள்ளே மடித்துவிட்டுக் கொடுப்பார். "பெரிய சைஸ்" என்ற சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. "இது கொஞ்சம் காத்தோட்டமா இருக்குங்க சேர். நானே போடுறதுதான்" என்பார். அது உண்மையும்கூட. அவருடைய இடுப்பு நாற்பத்தெட்டு, நிறை நூற்றுப் பதினெட்டு கிலோ. வருகிறவர்கள் அவரைப் பார்ப்பார்கள், தங்களைப் பார்ப்பார்கள், நிம்மதியாக இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஐம்பத்தேழாவது வயதில் வலது காலின் சின்ன விரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. கிளினிக்கில் இருந்த டொக்டர் இளம் பெண். இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்துவிட்டு, உடம்பைக் குறைக்கப்போகிறீர்களா, விரலைக் குறைக்கப்போகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். அந்த விரலால் தனக்கு இதுவரை என்ன பிரயோசனம் என்று கிருஷ்ணராஜ் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இருந்தாலும் உடம்பைக் குறைப்பதாகச் சொன்னார்.

அதன்பிறகு மனைவி ஜெயராணி பொறுப்பெடுத்தாள். கொட்டாஞ்சேனை வீட்டில் சீனி டின் இருந்த இடத்தில் வெந்தயம் வந்தது. இரவுக்குக் குரக்கன் ரொட்டி, பகலுக்கு ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு. காலையில் கொள்ளுப்பிட்டியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கடலோர வீதியால் வெள்ளவத்தை வரைக்கும் நடந்தார். முதல் மாதம் நடுவில் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். பதினான்கு மாதத்தில் முப்பத்தெட்டுக் கிலோ போனது. விரல் தங்கியது.

உடுப்பு மட்டும் மாறவில்லை. புதிதாக வாங்க ஜெயராணி விடவில்லை.

"திரும்ப ஒடம்பு வச்சிருச்சுன்னா என்னா செய்றது? கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

பெல்ட்டில் ஆணியால் ஐந்து புது ஓட்டைகள் போட்டார். அதன் வால் இடுப்பைச் சுற்றிப் போய் முதுகைத் தொட்டது. இழுத்துக் கட்டியதில் காற்சட்டையின் பின்பொக்கெட் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. சேட்டின் தோள்தையல் முழங்கைக்குக் கிட்ட வந்தது. ஒருநாள் பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிப் பெண் எழும்பி அவருக்கு இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லாரும் அவள் பக்கம்.

பாலசுந்தரம் கடைக்கு வந்தது அந்த வாரம்தான். ஓய்வுபெற்ற நில அளவையாளர், இடுப்பு நாற்பத்தாறு, பதினேழு வருட வாடிக்கை. கனடாவில் மகளோடு ஒரு வருடம் இருந்துவிட்டு வந்திருந்தார். நேரே கிருஷ்ணராஜிடம் வந்து கேட்டார்.

"ஐயா, இஞ்ச கிருஷ்ணராஜ் எண்டு ஒருத்தர் நிண்டவர். இப்ப இல்லையோ?"

"நான்தாங்க சேர்."

பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார்.

"என்னப்பா நடந்தது? என்ன நோய் வருத்தம் உமக்கு?"

"வருத்தம் ஒண்ணும் இல்லைங்க சேர். கொறைச்சிட்டேன்."

"வேணுமெண்டோ?"

"ஆமாங்க."

"ஏன்?"

கிருஷ்ணராஜ் விரலின் கதையைச் சொன்னார். பாலசுந்தரம் முழுவதும் கேட்டார். பிறகு ஒரு காற்சட்டையை எடுத்துக் காட்டும்போது, கிருஷ்ணராஜின் வாய் பழக்கத்தில் "நானே போடுறதுதாங்க" என்றது. இரண்டு பேரும் கிருஷ்ணராஜ் போட்டிருந்த காற்சட்டையைக் குனிந்து பார்த்தார்கள். பாலசுந்தரம் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்களும் அப்படித்தான். சிலர் அவரைக் கண்டு பாவப்பட்டார்கள். சிலர் தங்களைக் குத்திக்காட்டத்தான் கடைக்காரர் இவரை நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தார்கள். இப்போது கடையை நடத்துவது பழைய முதலாளியின் மகன் ரிஷாத். அவர் கிருஷ்ணராஜைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணன், நீங்க மெலிஞ்சது நல்ல விஷயம், அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஆக்கள் வந்து உங்கள தேடுறாங்க. நீங்க முன்னுக்கே நிக்கிறீங்க. நான் என்ன செய்ற, செல்லுங்க?"

"நீங்க சொல்றதுதாங்க மொதலாளி."

"மேல ஸ்லிம்-ஃபிட் பகுதிக்கு ஆள் ஒண்டு தேவ ஈக்கிது."

எந்த மாடியில் நிற்கிறவரும் அந்த மாடி உடுப்பைத்தான் போட வேண்டும் என்பது கடையின் சட்டம். ஆகவே ஸ்லிம்-ஃபிட் காற்சட்டை ஒன்று கொடுத்தார்கள். நம்பர் முப்பத்தாறு, அந்த மாடியில் இருந்த ஆகப் பெரிய அளவு. கிருஷ்ணராஜ் அதை எடுத்துக்கொண்டு, உடுப்புப் போட்டுப் பார்க்கிற ஃபிட்-ஒன் அறைக்குள் போனார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை அதற்குள் அனுப்பியிருக்கிறார். தனக்காகக் கதவைப் பூட்டியது அன்றுதான்.

பட்டன் பூட்டுப்பட்டது. கல்யாணத்துக்குத் தைத்த காற்சட்டையும் முப்பத்தாறுதான் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். துணி தொடையை இறுக்கிப் பிடித்திருந்தது. பின்பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. வயிற்றுத் தோல் பட்டனுக்கு மேலால் மடிந்து கிடந்தது. கழுத்து கொலருக்குள் நிற்காமல் தொங்கியது. மெலிந்தால் பழைய கிருஷ்ணராஜ் வெளியே வருவான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். வெளியே வந்தவர் அவருடைய அப்பா மாதிரி இருந்தார். அங்கே கிடந்த கதிரையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வேலைக்குப் போனார்.

மேல்மாடிக்கு வருகிறவர்களுக்கு இருபது வயது. "அங்கிள், வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், ஜெயராணிக்குச் சொல்லாமல் நோபேட்டின் தையற்கடைக்குப் போனார். நோபேட் கொட்டாஞ்சேனையில் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர்; கத்தோலிக்கக் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகளுக்குக் கோட் தைக்கிறவர். போயா நாளில் முன்கதவைச் சாத்தி வைத்துத்தான் வேலை செய்வார். சேட்டைக் கழற்றச் சொன்னார். கிருஷ்ணராஜ் கொஞ்சம் தயங்கிக் கழற்றினார். நோபேட் அளவுநாடாவால் அங்குலம் அங்குலமாக அளந்து, சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தானே எழுதினார்.

"வலது தோள் அர இஞ்சி எறக்கம் கிருஷ்ணா. முதுகு கூனுது. அதால முன்பக்கம் கட்டையாத்தான் வெட்டோணும்."

"மெலிஞ்சதுனாலயா?"

"இல்லப்பா. வயசு. முந்தியும் இருந்திருக்கும், கொழுப்புக்குள்ள தெரியல்ல."

கிருஷ்ணராஜுக்கு ஏனோ அது ஆறுதலாக இருந்தது. அளவு என்றால் அவருக்கு விளங்கும். அரை அங்குலம் என்பது செய்யக்கூடிய காரியம்.

"உள்ளுக்கு எவ்வளவு துணி விடட்டும்? ரெண்டு இஞ்சி விட்டா, திரும்ப ஒடம்பு வச்சாலும் பிரிச்சுத் தைக்கலாம்."

கிருஷ்ணராஜ் சாத்தியிருந்த முன்கதவைப் பார்த்தார்.

"அரை இஞ்சி போதும். மிச்சத்த வெட்டிருங்க."

நான்கு காற்சட்டையும் ஆறு சேட்டும் வந்தன. காற்சட்டை இடுப்பில் உயரமாக, தொடையில் தளர்வாக இருந்தது. சேட்டின் தோள் தோளிலேயே நின்றது. இரண்டு அங்குலம் விட்டுத்தான் தைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னார். ஜெயராணி ஒரு காற்சட்டையை உட்புறம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பவும் மடித்து வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்குக் கீழே இருந்த பழைய சேட்டுகளை எல்லாம் எடுத்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். ஒரு சேட்டுக்கு இரண்டு தலையணை உறை கிடைத்தது. நீலக் கட்டம் போட்டதில் அடுப்படித் துணியும் ஒன்று மிஞ்சியது.

"மிச்சம் வைக்கலியா?" என்று கேட்டார்.

"என்னாத்துக்கு?" என்றாள்.

கடைச் சட்டத்தை மீறிப் புது உடுப்போடு மேல்மாடியில் நின்ற நாலாம் நாள், பாலசுந்தரம் படியேறி வந்தார். பதினேழு வருடத்தில் முதல் தடவை. வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு வரும்வரைக்கும் பொறும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ நிக்கிற பொடியன், கடை முழுக்கக் கேக்கிறமாதிரி 'அங்கிளுக்கு நாப்பத்தாறு' எண்டு கத்துறான். சனமெல்லாம் திரும்பிப் பாக்குது. நீர் கீழ வாரும்."

"நான் இப்ப மேலதாங்க சேர்."

"நீர் மெலிஞ்சாலென்ன, கொழுத்தாலென்ன. வாயை மூடிக்கொண்டு எடுத்துத் தாறீர். எனக்கு அதுதான் வேணும்."

கிருஷ்ணராஜ் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனார். கண்ணால் ஒருமுறை பார்த்தார். கனடாவில் இரண்டு அங்குலம் கூடியிருந்தது. நாற்பத்தெட்டை எடுத்து, லேபலை மடித்து, ஒன்றும் பேசாமல் கொடுத்தார். பாலசுந்தரம் மூன்று வாங்கினார். காசு மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ரிஷாத், மறுநாளே கிருஷ்ணராஜைக் கீழே வரச் சொன்னார்.

கீழே நின்றபோதுதான் இன்னொரு வகை ஆட்கள் கண்ணில் பட்டார்கள். சீனியாலோ, இருதய ஒப்பரேஷனாலோ, வயசாலோ வற்றிப்போனவர்கள். பழைய பெரிய காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மனைவியின் பின்னால் வந்து நிற்பார்கள். பெரிய அளவு தொங்கும், ஸ்லிம்-ஃபிட் ஏறாது. ஒன்றும் வாங்காமல் போவார்கள். கிருஷ்ணராஜ் ரிஷாத்திடம் போய், நோபேட் வெட்டிய காற்சட்டையைக் காட்டி, இதேமாதிரி முப்பது உருப்படி தைப்பிக்கச் சொன்னார். ஒரு மாதத்தில் முப்பதும் விற்று முடிந்தன.

அந்த வரிசைக்கு "சீனியர்" என்று பெயர்ப்பலகை எழுதிப் போடுவோம் என்றார் ரிஷாத்.

"பேர் வேணாங்க மொதலாளி. பேர் வச்சா வரமாட்டாங்க."

இப்போதும் அந்த வரிசைக்குப் பெயர் இல்லை. போன சனிக்கிழமை ஒரு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் மனைவியோடு வந்தார். "எங்கட வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாம் எனக்குக் கான்சர் எண்டு நினைக்கினம்" என்றார். "இவர் ஆரைக் கண்டாலும் இதைத்தான் சொல்லுவார்" என்றார் மனைவி. கிருஷ்ணராஜ் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு, அதிபரைக் கண்ணால் ஒருமுறை பார்த்தார். ஒரு காற்சட்டையை உருவி அவர் கையில் கொடுத்தார்.

"போட்டுப் பாருங்க சேர். அவசரமில்ல."