தூண்டிலை நீட்டாத மீன்

என் மகனுக்குக் கப்பலில் வேலை. போன லீவில் வந்தவன், ஹாலில் டிவி இருந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து உப்புத் தண்ணீர் நிரப்பினான். திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் வருகிற அன்று அண்டா, குடம், குக்கர் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைக்கிறவள் நான். அதில் உப்பைக் கொட்டி மீனுக்குக் கொடுப்பாயா என்று கத்தினேன். சிரித்தான். மீன் வருவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

அவன் கப்பல் ஏறியபின் சென்னைக் கடையிலிருந்து பார்சல் வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் கட்டைவிரல் நகம் அளவில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. கண் எது, வாய் எது, ஒன்றும் விளங்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைக் கிள்ளிப் போட்டுக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தேன். தொட்டியில் விட்டதும் அது துடுப்பைக் கைபோல ஊன்றிக் கல்மேல் நடந்தது. "இந்தக் கண்றாவிக்கா டிவியத் தூக்குனான்?" என்று தலையில் அடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் பூட்டுக்கடைக்குக் கிளம்பிப் போனார்.

மகனுக்குப் படம் அனுப்பினேன். அதுவரை எப்போதாவது ஒரு "சாப்டியாம்மா" என்று எழுதிப்போடுவதோடு சரி. அன்று வீடியோவிலேயே வந்துவிட்டான்.

"தவளை மீன் குட்டிம்மா. எந்த வகைன்னு கடைக்காரருக்கே தெரியலயாம். நாமதான் கண்டுபிடிக்கணும்."

நாம என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆயுசு முழுக்க அந்தத் தொட்டியைக் கழுவலாம் என்று தோன்றியது எனக்கு.

அதன்பிறகு சிக்னல் கிடைத்த போதெல்லாம் போன் வந்தது. கேமரா எந்நேரமும் தொட்டியைப் பார்த்தபடிதான் இருக்கும். "துடுப்போரம் சிவப்பு இருக்கா? மேல புடைச்சிருக்கா?" என்பான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்துச் சொல்வேன். குட்டியில் இரண்டு வகை ஒன்றுபோலவே இருக்குமாம். பெரிதானால் ஒன்றுக்கு உடம்பெல்லாம் மரு வரும். இப்போதே தெரிய வேண்டுமானால் தூண்டிலைப் பார்க்க வேண்டும். நெற்றியில் முடிபோல மடங்கிக் கிடக்கிற அதை, பசி வந்தால் நீட்டி ஆட்டி இரையைக் கூப்பிடுமாம். நுனி சின்ன மீனாட்டம் இருந்தால் மரு வகை, இழை இழையாக இருந்தால் மற்றது.

"ரெண்டு நாளு பட்டினி போடும்மா, தானா நீட்டும்."

"பட்டினியா? ஏலே, பெத்தவகிட்டப் பேசுற பேச்சா இது?"

சரி என்று தலையாட்டினேனே தவிர, மத்தியானம் சோறு வடித்த கையோடு இறால் துணுக்கை ஈர்க்குச்சியில் குத்தி அதன் வாய்க்கு நேரே ஆட்டிவிடுவேன். லபக்கென்று விழுங்கும். வயிறு நிறைந்தவன் எதற்குத் தூண்டில் போடப் போகிறான்?

"நீட்டுச்சாம்மா?"

"இல்லப்பா."

"தீனி போட்டியா?"

"இத்தினிக்கோண்டுதான்."

"ஐயோ அம்மா!"

வாயில்லா சீவனைப் பட்டினி போட மனசு வரவில்லை என்பது உண்மை. வகை தெரிந்துவிட்டால் போன் நின்றுபோகும் என்ற பயமும் உண்மை. எங்கோ கடலில் இருக்கிற பிள்ளையின் குரல் என் வீட்டு ஹாலில் செத்த நேரம் கேட்கும். அதற்காக நாள் முழுக்கப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். குளிக்கப் போனாலும் கதவோரம் வைத்துவிட்டுத்தான் போவேன். அம்புட்டு ஏக்கம்.

கன்னிவாடியில் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. இரண்டு நாள் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். மீனை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மனுஷன் பிரியாணிப் பொட்டலம் வாங்கித் தான் மட்டும் சாப்பிட்டிருக்கிறார்.

"அதப் பட்டினி போட்டுட்டு உங்களுக்கு மட்டும் எப்படித் தொண்டையில எறங்குச்சு?" என்று கத்திக்கொண்டே தொட்டிப் பக்கம் திரும்பினேன். கல்மேல் குந்திக்கொண்டு அது தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. நுனியில் துளியூண்டு மீன். கண் வைத்தாற்போல ஒரு புள்ளிகூட இருந்தது.

பார்த்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வகை தெரிந்துவிட்டது, இனி எதற்குப் போன் வரும்? அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கேமராவைத் தொட்டியருகே கொண்டுபோனேன்.

"அம்மா! மரு வகைதாம்மா! சந்தேகமே இல்ல!" அவன் போட்ட சத்தத்தில் அங்கே யாரோ சிரித்தார்கள்.



"அம்புட்டுதானாப்பா?" என்று கேட்டேன்.

"அம்மா, போனத் திருப்பு."

"எதுக்கு? மீனு இங்கதான இருக்கு."

"மீனு போதும். இம்புட்டு நாளா மீனையும் உன் வெரலையும்தான பாத்துக்கிட்டிருக்கேன். உன் மூஞ்சியக் காட்டு."

எதை அமுக்குவது என்று தெரியவில்லை. போனையே என் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவன் முகம் எனக்குத் தெரியாமல் போனது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எப்பம்மா இம்புட்டு நரைச்சுச்சு?"

"நேர்ல வந்து எண்ணிப் பாருடா," என்றேன்.