இளவரசனுக்குப் பல்வலி வந்த வியாழக்கெழமைங்க

தனகோட்டிக்கு நாப்பத்திமூணு வயசு. தொண்டூர் காலனி. இருபது வருசமா கரண்ட் டவர் ஏறுறதுதான் பொழப்பு. வீட்டுக்கு வர்ற கம்பம் இல்ல, மலைக்கு மலை தாண்டிப் போற பெரிய லைன். நாப்பது மீட்டர் ஒசரத்துல பெல்ட்ட மாட்டிக்கினு ஒக்காந்து போல்ட்டு முடுக்குவான். செஞ்சிக் கோட்டைக்கு வர்ற டூர்காரன் ராஜகிரிய ஏறி எறங்கிட்டு முட்டியப் புடிச்சிக்கினு மோர்க் கடையில சாயறதப் பாத்தா இவனுக்கு சிரிப்பு வரும். ஒசரத்துக்கு அவன் பயந்ததே கெடையாது. யாரு கீழ நிக்கிறான்னு மட்டும் பாப்பான். மேல ஏறுனவன் உசுரு கீழ கயிறு புடிக்கிறவன் கையில.

கீழ நின்னவன் இளவரசன். வெளியாளு இல்ல. ஒரே தெரு, ஒரே ஐ.டி.ஐ., ஒரே சைட்டு. ஒரு வாட்டி தருமபுரி பக்கம் இளவரசனும் மேல ஏறி, பெல்ட்டு கழண்டு தொங்குனப்போ, சட்டக் காலரப் புடிச்சி இழுத்துப் போட்டவன் தனகோட்டி. அன்னிலேர்ந்து, "டேய் கோட்டி, என்னப் பெத்த நைனாவுக்கு அடுத்து நீதான்டா"ம்பான் இளவரசன். குடிச்சிட்டும் சொல்லுவான், குடிக்காமயும் சொல்லுவான்.

மூணு வருசத்துக்கு முன்னாடி இளவரசன் சூப்பர்வைசர் ஆனான். ஆப்பிரிக்காவுல நைஜர்னு ஒரு நாடு, அங்க லைன் இழுக்கிற வேல. "வாடா"ன்னான். தனகோட்டி போனான். பனமலை முருகையனும் வந்தாரு. இவனவிட எட்டு வயசு மூத்தவரு, இவன் அண்ணான்னுதான் கூப்டுவான்.

அந்த ஊரு கேம்ப் ஆபீஸ் செவுத்துல ஒரு மேப்பு தொங்கும். அதுல செகப்புப் புள்ளிங்க. மாசத்துக்கு மாசம் ஏறிக்கினே இருக்கும்.

"இன்னாடா இது?"

"டவர் வர்ற எடம்டா. வேல ஏறிக்கினே வருது. உனுக்கு இன்னும் பத்து வருசத்துக்குக் கவல இல்ல."

தனகோட்டி கிட்ட போயி பாத்தான். லைன் ஆளுக்குன்னு ஒரு கண்ணு இருக்குது. டவர்னா அளவெடுத்த மாதிரி நேர் கோட்டுல போவணும். திரும்பறதுனாலும் ஒரு எடத்துல திரும்பி மறுபடி நேராப் போவும். இந்தப் புள்ளிங்க அப்டி இல்ல. மூணு நாட்டு எல்லை சேர்ற எடத்துல ஈ மொய்ச்ச மாதிரி கெடக்குது. மிச்சது ரோட்டோரமா செதறிக் கெடக்குது.

"லைன்ல நிக்கலியேடா?"

"சர்வே முடியல. நீ இன்னா இன்ஜினியரா? போயி ஏறு."

ஏறுனான். கண்ணு சொன்னத விட்டுட்டு சிநேகிதன் சொன்னத எடுத்துக்கினான்.

அதுக்கப்புறம்தான் இளவரசனுக்குப் பல்வலி ஆரம்பிச்சிது. பொங்கலுக்கு மறு வாரம் ஒரு வியாழக்கெழம, கன்னத்துல துண்டக் கட்டிக்கினு, "செத்தேன்டா கோட்டி"ன்னு ஜீப்புல ஏறி தலைநகரத்துக்குப் போயிட்டான். சனிக்கெழமதான் வந்தான். நடுவுல வெள்ளிக்கெழம, பக்கத்து ஊரு சந்த ரோட்டுல இன்னாவோ கலாட்டான்னு லாரிக்காரங்க பேசிக்கினாங்க. மூணு வாரம் கழிச்சி இன்னொரு வியாழக்கெழம, மறுபடி பல்வலி.

தனகோட்டிக்கு மனசு கேக்கல. வீட்டுக்கு போன் போட்டான். "கலைவாணி, நம்ம இளவரசனப் பல்லு பாடாப் படுத்துது. அமாவாசைக்கு மேல்மலையனூரு போனா அவனுக்கும் சேத்து வேண்டிக்கோ." அவளும் போனா. அங்காளம்மாவுக்கு புருசன் பேருல ஒரு எலுமிச்சம்பழ வெளக்கு, இளவரசன் பல்லுக்கு ஒரு வெளக்கு. நல்லாயிட்டா மால சாத்துறேன்னு வேற வேண்டிக்கினா.

மூணாவது பல்வலி போன வருசம் மார்ச்சுல. வியாழக்கெழம ஜீப்பு போச்சி. வெள்ளிக்கெழம காலைல தனகோட்டி டவர் உச்சியில இருந்தான். ரோட்டுல புழுதி தெரிஞ்சிது. கிட்ட வரவரத்தான் மோட்டார் சைக்கிளுன்னு தெரிஞ்சிது. இருவது இருக்கும், வண்டிக்கு ரெண்டு பேரு, பின்னாடி குந்திக்கினு இருந்தவன் கையில துப்பாக்கி. கேம்ப்புக்குள்ள பூந்தானுங்க. மேலேர்ந்து பாத்தா மனுசன் எறும்பாட்டம் இருப்பான். ஆனா முருகையன் மஞ்ச ஹெல்மெட்டு. அது ஓடுனது தெரிஞ்சிது. நின்னது தெரிஞ்சிது. உருண்டதும் தெரிஞ்சிது.

இவன் கத்தல. கத்துனா மேல பாப்பானுங்க. இரும்பக் கட்டிப் புடிச்சிக்கினு வெயில்ல மத்தியானம் வரிக்கும் இருந்தான். அப்போ அவன் மனசுல இன்னா ஓடுச்சி தெரியுமா? அய்யோ, இளவரசன் எங்கன்னு ஓடுச்சி. அப்புறம் பல்வலி ஞாபகம் வந்திச்சி. 'அங்காளம்மா, அவன் பொழச்சான்'னு மனசாரக் கும்பிட்டான். முருகையன் அங்க மண்ணுல கெடக்குறப்போ.

முருகையன் பொட்டி பனமலைக்கு வந்து சேர இருவத்திமூணு நாளாச்சி. தனகோட்டியும் வேலைய விட்டுட்டு ஊரோட வந்துட்டான். ஏரிக்கரையோரம் பொதச்சாங்க. இளவரசன்தான் மொத ஆளா மண்ணு போட்டான்.

இந்த வருசம் தை மாசம் முருகையன் பொண்ணு ரஞ்சனி இவனக் கூப்டுச்சி. விழுப்புரத்துல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிற பொண்ணு. ஒலகத்துல எங்க எங்க தீவிரவாதிங்க அடிச்சாங்கன்னு தேதி போட்டு வெக்கிற கணக்கு ஒண்ணு நெட்டுல இருக்குதாம். அதுல அவங்க அப்பா சாவத் தேடி எடுத்திருந்துச்சி. கட்டுமான முகாம், சாவு நாலு, பேரு இல்ல.

"சித்தப்பா, இது இன்னிக்கு நேத்து நடக்குறது இல்ல. பத்து வருசத்துக்கு முன்னாடி ஈராக்கு, சிரியா, ஆப்கானிஸ்தான்னு இருந்திச்சி. கொஞ்சம் கொஞ்சமா நவுந்து இப்போ ஒலகத்துல தீவிரவாதிங்க கையில சாவுறதுல பாதி, நைஜர் இருக்குற இந்தப் பட்டையிலதான். டிவில பெரிய ஊரத்தான் காட்டுவான். சாவுறவன் பேரு தெரியாத ஊரு சந்தைல, ரோட்டுல சாவுறான். இங்க பாருங்க."

போன்ல மேப்பு தொறந்துச்சி. செகப்புப் புள்ளிங்க. மூணு எல்லை சேர்ற எடத்துல ஈ மொய்ச்ச மாதிரி. ரோட்டோரமா செதறுனாப்ல.

தனகோட்டி போன வாங்கி கிட்ட வெச்சிப் பாத்தான். "டவர் இல்ல இது"ன்னான்.

"இன்னா சித்தப்பா?"

"போன வருசம் ஜனவரில, பொங்கலுக்கு மறு வாரம் வெள்ளிக்கெழம. அதப் பாரு."

பாத்துச்சி. சந்த ரோடு, சாவு பதினொண்ணு. அடுத்த பல்வலியச் சொன்னான். அதுவும் இருந்திச்சி. மூணாவத அவன் சொல்லல. அந்தப் பொண்ணுக்கே தெரியும்.

தனகோட்டி வீட்டுக்கு வந்தா, கலைவாணி தம்பி பச்சைமுத்து புதுச் சட்ட போட்டுக்கினு நிக்கிறான். "மாமா, நானும் டவர் ஏறப் போறேன். இளவரசன் அண்ணன் செஞ்சியில லாட்ஜுல ஆளெடுக்குறாரு. பாஸ்போர்ட்டு குடுத்துட்டேன்."

"எந்த ஊருடா?"

"நீ இருந்த ஊருதான்."

மறுநாளு தனகோட்டி லாட்ஜுக்குப் போனான். மாடியில பதினோரு பேரு. டேபிளு மேல பாஸ்போர்ட்டெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி இருந்திச்சி. பச்சைமுத்து மொத வரிசை.

"வாடா கோட்டி!" எழுந்து வந்து தோளக் கட்டிக்கினான் இளவரசன். "நீயும் வரியா?"

"பல்லு எப்டிடா இருக்குது?"

"எந்தப் பல்லு?"

"மூணு வாட்டி புடுங்கப் போனியே. வாயத் தொற, ஓட்டையப் பாக்குறேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. "இன்னா மாமா, பல்லு டாக்டருக்குப் படிச்சிட்டியா?"ன்னான் பச்சைமுத்து. இளவரசனும் வாய் விட்டு சிரிச்சான். மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை, ஒண்ணு கொறையாம வெள்ளையா பளிச்சுன்னு தெரிஞ்சிது.

தனகோட்டி மூணு தேதிய சொன்னான். ஒவ்வொண்ணுக்கும் சாவு எத்தினின்னும் சொன்னான். சிரிப்பு நின்னு போச்சி. இளவரசன் வாய மூடிக்கினு இவன வராந்தாவுக்கு இழுத்துக்கினு போனான்.

"கத்தாதடா. வாரா வாரம் ஆபீசுக்கு செக்யூரிட்டிக்காரன் மெயிலு வரும். எந்த ரோடு, எந்த நாளு ஆபத்துன்னு போட்டிருப்பான். எல்லா வாரமுமா நடக்குது? நடக்காத வாரமும் உண்டு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஏறியிருப்பியா?"

"மாட்டேன்."

"நீ ஏறலன்னா எவன்டா ஏறுவான்? முருகையன் எங்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டாரு. கோட்டி வரானான்னு. வரான்னேன். பையத் தூக்கிக்கினு வந்துட்டாரு."

தனகோட்டி அவன அடிக்கல. அடிக்கக் கைய எடுத்தா, தருமபுரில காலரப் புடிச்ச அதே கை. செவுத்துல சாஞ்சிக்கினான். துப்பாக்கியோட வந்தவனுக்கு இவன் பேரு தெரியாது. இவன் பேரச் சொல்லி ஆள் சேத்தவன் இவன் தெருக்காரன்.

கதவாண்ட பச்சைமுத்து நின்னுக்கினு இருந்தான். எல்லாத்தையும் கேட்டுட்டான். உள்ள போயி, ரப்பர் பேண்ட உருவி தன் பாஸ்போர்ட்ட எடுத்துக்கினான். அவனப் பாத்து இன்னும் மூணு பேரு எடுத்தாங்க. ஏழு பேரு எடுக்கல. "இங்க மட்டும் இன்னா வாழுது?"ன்னான் ஒருத்தன். இளவரசன் மறுபடி டேபிளாண்ட ஒக்காந்து, மிச்ச ஏழையும் தட்டி அடுக்குனான்.

வீட்டுல கலைவாணி தம்பியப் பாத்தா, பாஸ்போர்ட்டப் பாத்தா. அழுது முடிச்சிட்டுத்தான் கேட்டா. "அந்தப் பல்லுக்கு மால சாத்துறேன்னு வேண்டிக்கினேனே. நாளன்னிக்கு அமாவாச. இன்னா பண்றது?"

"சாத்திட்டு வா"ன்னான் தனகோட்டி. "முப்பத்திரெண்டும் நல்லா இருக்குது. நான் பாத்தேன்."