துரை உட்காரச் சொல்லவில்லை

மலாயாவில் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் வாத்தியாராவதற்கு எனக்கு இருந்த ஒரே தகுதி, நான் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதுதான். முன்பிருந்த வாத்தியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் என்னைப் புல்வெட்டும் கூட்டத்திலிருந்து கூப்பிட்டுக் கையில் பிரம்பைக் கொடுத்தார். "நாளையிலேர்ந்து நீதான்யா வாத்தியாரு" என்றார். மண்வெட்டியைச் சாமான் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டுப் போனேன். நியமனம் அவ்வளவுதான்.

சில வருஷம் இப்படியே ஓடியது. பிறகு சர்க்காருக்குத் திடீரென்று எங்கள் மேல் அக்கறை பிறந்தது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவன் இனிமேல் பாடம் நடத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமைதோறும் கோலாலம்பூரில் வகுப்பு. முடிவில் இன்ஸ்பெக்டர் அவரவர் பள்ளிக்கே வந்து ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார். தேறினால் வேலை நிலைக்கும், பள்ளிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த வாத்தியார் வீடும் கிடைக்கும். தேறாவிட்டால் மறுபடியும் மண்வெட்டி.

எனக்கு அந்த வீடு வேண்டும். வேறு எதையும்விட அதுதான் வேண்டும். என் மனைவி பால்மரம் வெட்டுகிறவள். முந்தின வருஷம் மர நிரையிலேயே, பால்வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கி வரும்போது, வயிற்றில் இருந்ததை இழந்தாள். அன்று மாலையே வெட்டுக்கத்தியைத் தீட்டிவைத்துவிட்டுப் படுத்தாள். இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயம் அவள் மரம் வெட்டும்வரைதான்; வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு. "பாஸ் பண்ணிருவீங்கல்ல?" என்று அவள் தினமும் கேட்பாள். "இதென்ன பெரிய வித்தையா" என்று தினமும் சொல்வேன்.

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பிக் கிள்ளானுக்குப் பஸ், அங்கிருந்து ரயில், பிறகு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடை. ரயில்வே பட்டறைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வகுப்பு. எங்களுக்குப் போதித்தவர் மெட்ராஸில் பயிற்சி பெற்று வந்தவர். எஞ்சின் கூவினால் பேச்சை நிறுத்துவார். கூவி முடித்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். சின்னக் குழந்தைகளின் பெஞ்சில் எங்களை மடக்கி உட்காரவைத்து, ஒருவரை வாத்தியாராகவும் மற்றவர்களைப் பிள்ளைகளாகவும் நடிக்கச் சொல்வார். பூச்சோங் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொடுவாமீசைக்காரர் ஒன்றாம் வகுப்புப் பையனாக எழுந்து நின்று ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணுவார். சிரித்தால் எங்களுக்கும் திட்டு விழும்.

"கேள்விய முதல்ல கேளுங்க. பேர அப்புறமா சொல்லுங்க. பேர முதல்ல சொன்னா மத்தவன் தூங்கிருவான்" என்பார் அவர். இன்னொன்றையும் ஓயாமல் சொன்னார். "இன்ஸ்பெக்டர் மார்க்கு போடுறது உங்க வாய்க்கு இல்ல. பிள்ளைங்க வாய்க்கு. பிள்ளை பேசலன்னா நீங்க எவ்வளவு பேசினாலும் முட்டைதான்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் பிள்ளைகள் பேசுவார்கள். காலையில் ரப்பர்க் காட்டில் வேலை செய்துவிட்டு, கையெல்லாம் பால்பிசினோடு வந்து உட்கார்ந்தாலும், கணக்குப் போட்டால் விழித்துக்கொள்வார்கள். அதிலும் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் வாயில் விடை நிற்கும். அவளை அடக்குவதுதான் எனக்கு வேலை.

ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை பள்ளிக்குள் வந்தால் எல்லாரும் எழுந்து கையைக் கட்டித் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. துரை "உக்காரு" என்றால்தான் உட்கார வேண்டும். கிராணியார் உண்டாக்கிய சட்டம் அது. துரைக்கு அது தெரியுமோ என்னவோ. அவர் வருவார், கூரையைப் பார்ப்பார், "உக்காரு" என்பார், போய்விடுவார். ஒருமுறை அவர் சொல்ல மறந்து நின்றபோது, பாவம் கால் வலிக்குமே என்று நானே பிள்ளைகளை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். மறுநாள் காலை, பெயர் வாசித்து ஆளை வேலைக்கு அனுப்பும் பெரட்டில், உட்கார்ந்த பிள்ளைகளின் அப்பன்மார் யாருக்கும் வேலை இல்லை என்று கிராணியார் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு லயத்தில் பிள்ளைகள் வாங்கிய அடி எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு, துரை முன்னால் என் வார்த்தைக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் நன்றாகப் படித்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டுப் போட்ட தமிழர், முகம் கொடுத்துப் பேசுகிற மனிதர். பின்னால் போய் உட்கார்ந்து, "நடத்துங்க" என்றார். மாங்கொட்டைகளை மேசையில் குவித்துக் கூட்டல் தொடங்கினேன். கேள்வியை முதலில் கேட்டேன், பெயரைப் பிறகு சொன்னேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். முன்வரிசைப் பெண், "வாத்தியாரே, கொட்டைய ஏமாத்தி ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போது வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். இன்ஸ்பெக்டருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று துரைக்குத் தோன்றியிருக்கிறது. கிராணியார் பின்தொடர உள்ளே வந்து, சுவரோரம் நின்றுகொண்டார்.

பிள்ளைகள் எழுந்தார்கள். கை கட்டினார்கள். தலை குனிந்தார்கள்.

துரை ஒன்றும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் பார்க்கும் வகுப்பு, நாம் எதற்குக் குறுக்கே பேச வேண்டும் என்று இருந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அவருக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

"உக்காருங்க பிள்ளைங்களா" என்றார் இன்ஸ்பெக்டர். ஒருவரும் அசையவில்லை. நானும் சொன்னேன். நின்றபடியாவது பதில் சொல்லட்டும் என்று, "ஏழும் அஞ்சும் எவ்வளவு?" என்றேன். முன்வரிசைப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அடுத்தவனைக் கேட்டேன். அவனுக்கு அடுத்தவளைக் கேட்டேன். கெஞ்சினேன். "சொல்லும்மா, தெரியும்ல உனக்கு" என்று கெஞ்சினேன்.

கிராணியாரிடம் போய், "துரைய ஒரு வார்த்தை உக்காரச் சொல்லச் சொல்லுங்கய்யா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"துரைக்கு நாம சொல்லித் தர்றதா? போய் வேலையப் பாரு" என்று உதடு அசையாமல் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "என்ன வாத்தியாரே, இப்பதான நல்லாப் பேசினாங்க. இந்த ஒரு கணக்குதான் சொல்லிக் குடுத்து வச்சிருந்தீங்களா? அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதா?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது யாரும் சொல்லலாம். துரைக்குத் தமிழ் தெரியும். அவர் முகத்துக்கு நேரே, உங்களால்தான் ஐயா பிள்ளைகள் பேசவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் சான்றிதழ் என்ன, தோட்டமே இருக்காது. நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பங்களாவில் சாப்பாடு என்று இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு எல்லாரும் போனார்கள். துரை வாசலைத் தாண்டும்போது, ஞாபகம் வந்தவர்போலத் திரும்பி, "உக்காரு" என்றார்.

உட்கார்ந்ததும் அந்தப் பெண், "பன்னெண்டு, வாத்தியாரே" என்றாள். உடனே மற்ற பிள்ளைகளும், நான் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கு அழுகை வந்தது. பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

பங்களாப் பாதையில் வெயிலில் காத்துக்கிடந்தேன். இன்ஸ்பெக்டரின் கார் நிற்காமல் போனது. சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் நடந்ததைச் சொல்லி, இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் மனசு வருந்தித்தான் கேட்டார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா மார்க்குத் தாளில துரைக்குன்னு ஒரு கட்டம் இல்லியேங்க" என்றார்.

தேறவில்லை என்று வந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். அவள் காண்டாக் கம்பை எடுத்து, தோளில் படும் இடத்தில் பழைய துணியைச் சுற்றத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதம் திரும்புவதற்குள் சான்றிதழோடு ஒரு இளைஞன் வந்து சேர்ந்தான். கிராணியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "இன்ஸ்பெக்டர் வந்தன்னிக்குப் பிள்ளைங்க நின்ன ஒழுங்கு இருக்கே, துரைக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுய்யா. அத அப்படியே வச்சுக்கணும்னாரு. போறதுக்கு முன்னால புது வாத்தியாருக்கு நீயே சொல்லிக் குடுத்துரு."

சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளை எழுப்பி, கை கட்ட வைத்து, தலை குனிய வைத்துக் காட்டினேன். இளைஞன் கவனமாகப் பார்த்துக்கொண்டான். "நான் எப்ப உக்காரச் சொல்லணும்ங்க?" என்று கேட்டான். நீங்கள் சொல்லவே கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினான். நல்ல பையன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் பெரட்டில் என் மனைவியின் பெயருக்கு அடுத்து என் பெயரை வாசித்தார்கள். அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, "இருக்கேங்கய்யா" என்றாள். நானும் சொன்னேன்.